‘கேஸை மூடினேனா?’ என்று அவர் மறுபடி மறுபடி கேட்கும்போது

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்கள் கணவருக்கு ஓசிடி என்று, அதாவது வேண்டாத எண்ணமும் அதை அடக்கச் செய்கிற செயலும் திரும்பத் திரும்ப வந்து வதைக்கிற நோய் என்று, ஒரு மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரவில் படுக்கப் போகும்முன் கேஸ் ரெகுலேட்டரை மூடினேனா என்று உங்களிடம் கேட்கிறார். மூடிவிட்டீர்கள் என்று சொல்கிறீர்கள். ஐந்து நிமிடம் கழித்து ‘நல்லா பாத்தியா? சத்தியமா?’ என்று மறுபடியும் வருகிறார். வேலை முடிந்து பைக்கில் வரும்போது வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினால்கூட யாரையோ இடித்துவிட்டோம் என்று பயந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறார், மறுநாள் பேப்பரில் விபத்துச் செய்தி தேடுகிறார். மாத்திரையை மூன்று வாரம் சாப்பிட்டுவிட்டுப் பலனில்லை என்று நிறுத்திவிட்டார். உங்கள் மாமியார் இதை வீம்பு என்கிறார். இது நோயா பிடிவாதமா, மகனுக்கும் வருமா என்று இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதை அரிப்பது கடைசி வரியில் இருக்கிற மூன்றாவது கேள்விதான்: ‘பதில் சொன்னால் அடங்குகிறார், சொல்லாவிட்டால் அழுகிற நிலைக்குப் போகிறார். நான் அவருக்கு உதவுகிறேனா, கெடுதல் செய்கிறேனா?’

நான் மருத்துவ உளவியலாளர். ஓசிடி உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் சிகிச்சை தருவதே பல வருடங்களாக என் வேலையின் பெரும்பகுதி. மருந்து எழுதித் தருகிற தகுதி எனக்கு இல்லை. உங்கள் கணவரை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே ஒரு கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. மருத்துவர் சொன்னது சரி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீங்கள் சொன்ன விவரங்கள் அதற்கு நன்றாகவே பொருந்துகின்றன.

வீம்பா என்றால், இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பிடிவாதக்காரருக்குத் தான் செய்வது சரி என்ற திருப்தி இருக்கும். உங்கள் கணவருக்கு அது துளியும் இல்லை. ரெகுலேட்டர் மூடியிருக்கிறது என்று அவர் அறிவுக்குத் தெரியும், ஆனாலும் அந்தத் தெரிதல் மனதில் ஒட்டமாட்டேன் என்கிறது. ‘லூசு மாதிரி பண்றேன்னு எனக்கே தெரியுது மேடம், ஆனா விட முடியல’ என்பது என் அறையில் நான் அடிக்கடி கேட்கிற வாக்கியம். ஒரு விஷயத்தை அர்த்தமில்லாதது என்று தெரிந்துகொண்டே ஒரு நாளில் மணிக்கணக்காகச் செய்ய வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அவமானத்தினால்தான் பெரும்பாலானோர் வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறார்கள். சுத்தமாக அலமாரி அடுக்குகிறவர்கள் ‘எனக்குக் கொஞ்சம் ஓசிடி’ என்று சொல்லிக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இந்த நோயோடு வாழ்கிறவர்களை அது எவ்வளவு புண்படுத்துகிறது என்பதை நேரில் பார்த்திருப்பதால், அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை.

அந்த எண்ணங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால், எல்லோருக்கும் வருகிற இடத்திலிருந்துதான். 1978இல் லண்டனில் ஜாக் ராக்மன் என்பவரும் இலங்கையிலிருந்து அங்கே போய்ப் பணியாற்றிய பத்மல் டி சில்வா என்பவரும் எந்த மனநோயும் இல்லாத ஆட்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பத்தில் எட்டுப் பேர் தங்களுக்கும் அப்படிப்பட்ட எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள்: ரயில் வரும்போது யாரையாவது தள்ளிவிடுவோமோ, குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவோமோ, கூடாத இடத்தில் கூடாததைச் சொல்லிவிடுவோமோ என்பது போன்றவை. எழுதிவைத்த அந்த எண்ணங்களைத் தனியாகப் பார்த்தால் எது நோயாளியுடையது, எது மற்றவருடையது என்று பிரிப்பதே சுலபமாக இல்லை. மற்றவர்கள் ‘என்னடா இது’ என்று நினைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஓசிடி உள்ளவரால் அது முடிவதில்லை. ‘இப்படி ஒரு எண்ணம் வந்ததற்கு ஏதோ காரணம் இருக்கும், விபரீதம் நடந்தால் நான்தான் பொறுப்பு’ என்று அதைப் பிடித்துக்கொள்கிறார். கவனித்துப் பாருங்கள், யாருக்கும் கெடுதல் நேர்ந்துவிடக் கூடாது என்பதில் அளவுக்கு மீறிய அக்கறை உள்ளவரைத்தான் ‘யாரையாவது இடித்துவிட்டேனா’ என்ற எண்ணம் இப்படி வதைக்கும். உங்கள் கணவர் நல்ல மனிதர் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நோய் அந்த நல்ல குணத்தையே பிடித்துக்கொண்டு அவரை ஆட்டுகிறது.

சரி, சந்தேகம் வந்தால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே, பார்க்கப் பார்க்கத் தெளிவுதானே வரும் என்று தோன்றும். நேர்மாறாகத்தான் நடக்கிறது. நெதர்லாந்தில் 2003இல் வெளியான ஒரு ஆய்வில் எந்த நோயும் இல்லாத மாணவர்களைக் கணினித் திரையில் கேஸ் அடுப்பின் திருகுகளைத் திறந்து, மூடி, மூடியதைச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் இடையில் விளக்குகளைச் சரிபார்த்தார்கள். கடைசியில் எல்லோரும் ஒருமுறை அடுப்பைச் சரிபார்த்த பிறகு, எந்தத் திருகுகளை மூடினீர்கள் என்று கேட்டார்கள். இரு பிரிவினரும் ஒரே அளவு சரியாகச் சொன்னார்கள். ஆனால் அடுப்பையே மறுபடி மறுபடி பார்த்தவர்களுக்கு நினைவு மங்கலாக இருந்தது, தங்கள் நினைவின் மேல் நம்பிக்கையும் குறைந்துபோயிருந்தது. பிறகு கனடாவில் நிஜ அடுப்பை வைத்துச் செய்தபோதும் இதே மாதிரிதான் வந்தது. அதாவது சில நிமிடங்கள் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சோதித்தாலே, நல்ல நிலையில் இருக்கிற மனதில்கூட இந்தச் சந்தேகத்தைக் கொண்டுவந்துவிட முடிகிறது. வருடக்கணக்காக ஒவ்வொரு இரவும் சோதிக்கிற மனிதரின் நிலையை நீங்களே ஊகிக்கலாம்.

என்னிடம் வந்த ஒருவர் (அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்) இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ரெகுலேட்டரைப் போனில் படம் எடுத்துக்கொள்வார். பஸ்ஸில் சந்தேகம் வந்தால் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் இந்தப் படம் இன்று எடுத்ததா நேற்று எடுத்ததா என்று சந்தேகம். தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி எடுத்தார். படம் எடுத்த பிறகு கை பட்டுத் திரும்பியிருக்குமோ என்று அடுத்த சந்தேகம். வீடியோ எடுக்க ஆரம்பித்தார். என்னிடம் வந்தபோது அவர் போன் முழுக்க ஒரே சிலிண்டர்தான். போனை நீட்டிக் காட்டும்போது அவருக்கு விரல் நடுங்கியது. ஆதாரம் கூடினால் சந்தேகம் குறையும் என்று நினைத்துத்தான் வருகிறவர்கள் எல்லோரும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த நோய் கேட்பது நூறு சதவீத உறுதியை. உலகத்தில் யாருக்கும் எதற்கும் அப்படி ஓர் உறுதி கிடையாது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ‘மூடிட்டீங்க’ என்ற உங்கள் பதிலும் அந்தப் போன் படமும் ஒன்றுதான். அவர் தன் கண்ணால் சோதிப்பதற்குப் பதில் உங்கள் வாயால் சோதித்துக்கொள்கிறார். சிரங்கைச் சொறிவது மாதிரி அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், அதனாலேயே அடுத்த அரிப்பு சீக்கிரம் வரும். பதில் கிடைத்தவுடன் பதற்றம் சரேலென்று இறங்குகிறதே, அந்த இறக்கம்தான் மூளைக்குப் பாடம்: ‘ஆபத்து நிஜம், கேட்டதால்தான் தப்பித்தோம், அடுத்த முறையும் கேள்.’ ஆகவே நேர்மையாகச் சொன்னால், நீங்கள் அவருக்கு உதவுகிறீர்கள், அதே நேரத்தில் நோய்க்கும் தீனி போடுகிறீர்கள். இதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஓசிடி உள்ள வீடுகளில் பெரும்பாலானவற்றில் இது நடக்கிறது. கூட இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள், கதவைப் பூட்டிக் காட்டுகிறார்கள், வெளியிலிருந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். துடிப்பவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வருமா? ஆனால் குடும்பம் நோய்க்கு எவ்வளவு வளைந்துகொடுக்கிறதோ அவ்வளவுக்கு நோய் தீவிரமாக இருக்கிறது, சிகிச்சையின் பலனும் குறைகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

அதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே ‘இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்’ என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து. ஒரே நாளில் முழுக்க நிறுத்தினால் அவருக்குத் தான் கைவிடப்பட்டதாகத்தான் தோன்றும், அப்புறம் உங்களுக்குள் சண்டைதான் மிஞ்சும். அவர் நிதானமாக இருக்கிற ஒரு நேரம், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்த பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்து பேசுங்கள். ‘நான் பதில் சொன்னா அந்த நேரத்துக்கு உங்களுக்கு நல்லா இருக்கு, ஆனா கேள்வி கூடிக்கிட்டே போகுது. இதை ரெண்டு பேரும் சேர்ந்து குறைக்கலாமா?’ என்று கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும். எந்தக் கேள்விக்குப் பதிலில்லாமல் இருப்பது அவருக்குக் கொஞ்சம் சுலபம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். கேஸ் கஷ்டம், வாசல் கதவு பரவாயில்லை என்றால் கதவிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் முறை கேட்டால் சாதாரணமாகப் பதில் சொல்லலாம், இரண்டாவது முறையிலிருந்து இரண்டு பேரும் முன்பே பேசிவைத்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லுங்கள். நான் பெரும்பாலும் சொல்லித் தருவது இது மாதிரி: ‘இது ஓசிடி கேக்கிற கேள்வின்னு நினைக்கிறேங்க. உங்களுக்கு எவ்ளோ கஷ்டமா இருக்குன்னு தெரியுது. பதில் சொல்ல மாட்டேன், ஆனா கூடவே இருக்கேன்.’ சொன்னபடி கூடவே இருங்கள். குரலில் எரிச்சல் இருக்கக் கூடாது. அன்று உங்களால் எரிச்சலில்லாமல் சொல்ல முடியாது என்றால் அன்று பதிலையே சொல்லிவிடுங்கள், ஒரு நாளில் ஒன்றும் கெட்டுவிடாது. ‘ஒண்ணும் ஆகாதுங்க, பயப்படாதீங்க’ என்பதும் ஓர் உத்தரவாதம்தான், அதையும் தவிர்க்கப் பாருங்கள். கிண்டல் செய்வது, பிள்ளை முன்னால் கண்டிப்பது, ‘நீங்கள் நினைத்தால் நிறுத்தலாம்’ என்பது எல்லாம் கூடவே கூடாது. ஆரம்பத்தில் அவர் கேட்பது கூடலாம், கோபம் வரலாம். அந்தக் கோபம் பயத்திலிருந்து வருவது, பெரும்பாலும் தானாக இறங்கும். ஆனால் கையை ஓங்குகிற அளவுக்குப் போனால் இந்த முயற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த நோயின் பெயராலும் நீங்கள் அடி வாங்க வேண்டியதில்லை.

வீட்டில் நீங்கள் செய்கிற இது சிகிச்சைக்குத் துணை, சிகிச்சையே ஆகிவிடாது. இந்த நோய்க்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட உளவியல் சிகிச்சைக்கு இஆர்பி என்று பெயர். பயத்தை எதிர்கொள்ள வைத்து, அதன் பிறகு வழக்கமாகச் செய்கிற சோதனையைச் செய்யாமல் இருக்கப் பழக்குவதுதான் அது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளுக்கு இந்த முறையில் சிகிச்சை தந்ததை எழுதினார். அதற்கு முன் இதைத் தீராத நோய் என்றே பெரும்பாலும் கைவிட்டிருந்தார்கள். உங்கள் கணவர் விஷயத்தில் இது எப்படி இருக்கும்? ரெகுலேட்டரை ஒரே ஒருமுறை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெரு முனை வரை நடந்து போய் வருவது. வேகத்தடை மேல் வண்டி ஏறி இறங்கியதும் கண்ணாடியில் பார்க்காமல் நேராக வீட்டுக்கு வருவது. ‘இடித்திருக்கலாம், இடிக்காமலும் இருக்கலாம், எனக்கு உறுதியாகத் தெரியாது’ என்ற எண்ணத்தோடேயே உட்கார்ந்து சாப்பிடுவது. கேட்க ரொம்பக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் எந்தச் சோதனையும் செய்யாமலே பதற்றம் தானாக வடிவதை, வடியாவிட்டாலும் அதோடு இருந்துவிட முடிவதை, ஒருமுறை உடம்பால் உணர்ந்துவிட்டால் அப்புறம் அவர்களே அடுத்த படியைக் கேட்கிறார்கள். எந்தப் படியையும் நோயாளியின் சம்மதம் இல்லாமல் வைப்பதில்லை. சுலபமானதிலிருந்து கடினமானதற்கு மெதுவாகத்தான் போவோம்.

மாத்திரை விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. மூன்று வாரத்தில் பலனில்லை என்று நிறுத்தியது ரொம்பப் பேர் செய்வதுதான், ஆனால் அந்த மாத்திரை வேலை செய்யுமா என்று தெரிந்துகொள்ள மூன்று வாரம் போதவே போதாது. ஃப்ளூவாக்ஸெடின், ஃப்ளூவோக்ஸமைன், செர்ட்ராலின் வகை மருந்துகள் ஓசிடியில் முழுப் பலனைக் காட்ட 8 முதல் 12 வாரம் பிடிக்கும். மனச்சோர்வுக்குத் தருவதை விடப் பெரும்பாலும் கூடுதல் அளவும் தேவைப்படும். நூற்றில் 40 முதல் 60 பேருக்கு இவற்றால் குறிப்பிட்டுச் சொல்லும்படி பலன் கிடைக்கிறது, மற்றவர்களுக்கு மருந்தை மாற்றுவார்கள், இன்னொன்றைச் சேர்ப்பார்கள், அல்லது பழைய மருந்தான க்ளோமிப்ரமைனைத் தருவார்கள். பலன் தெரிந்த பிறகும் குறைந்தது ஓரிரு வருடம் தொடரச் சொல்வது வழக்கம். எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மீதி இருக்கிற பழைய மாத்திரையை நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம். ‘பேச்சுச் சிகிச்சை மனசுக்கு, மாத்திரை மூளைக்கு’ என்று பலர் பிரித்துப் பேசுகிறார்கள். 1992இல் அமெரிக்காவில் லூயிஸ் பாக்ஸ்டரின் குழு மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, மருந்தால் குணமானவர்களுக்கும் பயிற்சியால் குணமானவர்களுக்கும் மூளையின் ஒரே பகுதியில் ஒரே திசையில் மாற்றம் தெரிந்தது. சிறிய ஆய்வு அது, இருந்தாலும் இப்படிப் பிரிப்பது எவ்வளவு பொருளற்றது என்பதற்கு நான் இன்னமும் அதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

நான் உறுதியாகச் சொல்கிறவை இவ்வளவு. காரணம் என்ன என்று வரும்போது தரை அவ்வளவு கெட்டியாக இல்லை. செரோடோனின் என்ற வேதிப்பொருள் குறைந்ததால் வருகிறது என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அந்த மருந்துகள் வேலை செய்கின்றன என்பது உண்மை, குறைவுதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. தொண்டைத் தொற்றுக்குப் பிறகு சில குழந்தைகளுக்குத் திடீரென்று வருகிறது என்பதிலும் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது நிச்சயம். உங்கள் மகன் பற்றிய பதிலும் இதுதான்: நோய் உள்ளவரின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு மற்றவர்களை விடச் சில மடங்கு அதிகம், ஆனாலும் அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு வருவதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது அவனைக் கண்காணிப்பதல்ல. அப்பாவுக்கு என்ன என்பதை அவன் வயதுக்கேற்ப எளிமையாகச் சொல்லுங்கள், அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்கிற வேலை அவன் தலையில் விழாமல் பாருங்கள். பின்னாளில் அவனுக்கு ஏதாவது ஆரம்பித்தால் மறைக்காமல் உங்களிடம் வந்து சொல்ல அது ஒன்றே உதவும்.

மாமியார் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போகட்டும், நம்பிக்கை நோய்க்கு எதிரி இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விளக்கேற்றிவிட்டு நிம்மதியாகத் திரும்பினால் அது பக்தி. மூன்று சுற்றா நான்கு சுற்றா என்று சந்தேகம் வந்து முதலிலிருந்து சுற்றினால், ‘அப்படி நடக்கக் கூடாது சாமி’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தால், நோய் கோயிலுக்கும் கூடவே வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதவில்லை, ஒருவேளை அவர் உங்களிடம் சொல்லாமலும் இருக்கலாம். இந்த நோயில் பலருக்குச் சாமி முன்னால் ஆபாசமான எண்ணம் வரும், பெற்ற பிள்ளையைப் பற்றியே கேட்க முடியாத எண்ணம் வரும். அதை வெளியே சொல்வதற்குப் பதில் செத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. என்றாவது அப்படி ஒன்றை அவர் உங்களிடம் சொன்னால் முகம் சுளிக்காமல் கேளுங்கள். அந்த எண்ணத்தைக் கண்டு அவர் நடுங்குகிறார் என்பதே அது அவருடைய ஆசை இல்லை என்பதற்கு அடையாளம்.

எங்கே போவது? இந்தியாவில் 2015-16இல் 12 மாநிலங்களில், தமிழ்நாட்டையும் சேர்த்து, எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் நூற்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. ஆகவே இது எந்த மனநல மருத்துவரும் நிறையப் பார்த்திருக்கிற நோய்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே மருந்து கிடைக்கும். இஆர்பியில் நல்ல பழக்கமுள்ளவர்கள்தான் குறைவு. அதனால் சிகிச்சை தருபவரிடம் ‘இஆர்பி செய்வீர்களா, பயத்தை எதிர்கொள்கிற பயிற்சியை எங்களோடு சேர்ந்து செய்வீர்களா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். வெறும் ஆறுதல், தியானம், கையில் ரப்பர் பேண்டு கட்டி இழுத்துவிடுவது என்று மட்டும் சொன்னால் வேறொருவரைப் பாருங்கள். பல சிகிச்சைகளுக்குப் பிறகும் குறையாதவர்களுக்குப் பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்தில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. யாரைப் பார்ப்பது என்றே தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்யலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரி அவர் பேச ஆரம்பித்தால் நாள் தள்ளாதீர்கள். இந்த நோயோடு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் சேர்ந்து வருவது உண்டு. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மறுபடி மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் அவரோடு உள்ளே போங்கள். மூன்று வாரத்தில் மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். வயிற்றுப் புரட்டல், தூக்கமின்மை, தாம்பத்தியத்தில் நாட்டமில்லாமை என்று பக்கவிளைவு ஏதாவதுதான் நிறுத்தக் காரணமா என்று அவரிடம் முன்பே தனியாகக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு பலர் அதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு நேரம் இதில் போகிறது, எதையெல்லாம் தவிர்க்கிறார், நீங்கள் எத்தனை முறை பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை ஒரு வாரம் இருவருமாகத் தாளில் குறித்து எடுத்துப் போனால், பத்து நிமிடச் சந்திப்பில் மருத்துவருக்கு வேண்டிய பெரும்பாலான விவரம் அதிலேயே கிடைத்துவிடும்.